மூன்று துப்பாக்கி தேவசகாயம்

தேவசகாயம் டீயைக் குடிப்பதற்கு முன் பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியை அடக்கிக்கொள்வார். இடது கண் மூடும். கிளாஸ் அசையாமல் உதட்டருகே நிற்கும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புதிதாக வருபவர்கள் அவருக்கு ஏதோ மாரடைப்பு என்று நினைத்துப் பதறுவதுண்டு. “ரைபிள் பிராக்டீஸ் தம்பி. மூச்சு ஆடுனா முனை ஆடும்” என்பார்.

தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேஸ்திரி. வயது நாற்பத்தாறு. வேலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஒரு ரைபிள் கிளப்பில் ஆறு மாதமாகத் தற்காலிக உறுப்பினர். ஏர்கன், ட்வெல்போர், பாயிண்ட் டூ டூ என்று மூன்று துப்பாக்கியிலும் ஒரே நாளில் தேறினால்தான் நிரந்தர உறுப்பினராகலாம். மற்றவர்கள் ஒரு துப்பாக்கியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவார்கள். இவர் மூன்றையும் சேர்த்துத் தொடங்கி, மூன்றிலும் ஒரே அளவுக்குப் பின்தங்கியிருந்தார்.

ட்வெல்போர் வெடிக்கும்போது பின்னால் உதைக்கும்; தோளில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவர் அறிமுகமில்லாதவர் வீட்டுக் குழந்தையை வாங்குவதுபோலப் பட்டும் படாமலும் பிடிப்பார். வெடிக்கும் முன்பே இரண்டு கண்ணும் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மனைவி ஞானசுந்தரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்வாள்: “மூட்டை தூக்கி தோள் வீங்குனா அர்த்தம் இருக்குது. கோயிலுக்கும் வராம, சந்தாவும் கட்டி வீங்க வெச்சுக்குனு வர்றாரு பாரு.”

வீட்டுப் பின்சுவரில் தொங்கும் கழிவுத் தோல்தான் அவருடைய பயிற்சி இலக்கு. அதற்கு ஒரு பழைய ஏர்கன். பூச்சி அரித்த ஓட்டைகள் அந்தத் தோலில் ஏற்கெனவே நிறைய இருக்கும். அவற்றையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். உடன் வேலை பார்க்கும் கனகராஜ் ஒருமுறை, “இன்னாண்ணே, இது பூச்சி ஓட்டை. நீயே சொல்லிக் குடுத்ததுதான” என்றான்.

“அது வேலை நாள்ல. ஞாயித்துக்கெழம அது குண்டு ஓட்டை.”

வேலை தேடும் பட்டதாரியான நான் அந்தக் கிளப்பில் ஞாயிறுதோறும் மதிப்பெண் எழுதுகிறேன். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவருடைய முதலாளி கிருஷ்ணராஜும் எங்கள் கிளப் உறுப்பினர்தான். “ஃபேக்டரில அவரு எதிர்ல இருபது வருஷமா நின்னுக்கினுதான் இருக்கேன். இங்க படுத்துச் சுடறப்ப அவரும் குப்புற, நானும் குப்புற” என்றார். சிரித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, அங்கியோடு எடுத்த படத்தை வாசலுக்கு நேரே மாட்டி வைத்திருப்பவன் சிரித்திருக்க வேண்டாம்.

போன மாதம் தேர்வு. ஏர்கன்னில் தேறினார். ட்வெல்போரில், மேலே வீசப்படும் பத்து மண் தட்டுகளில் ஐந்து உடைய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே ஐந்தை உடைத்தார். கடைசியாகப் பாயிண்ட் டூ டூ. பாயில் படுத்துப் பத்துக் குண்டு. பக்கத்துப் பாயில் முதலாளி, வெறும் பயிற்சிக்காக.

சுட்டு முடிந்ததும், மேற்பார்வை பார்க்கும் ரிட்டயர்டு ஹவில்தார் நந்தகோபால் இலக்கு அட்டைகளைக் கொண்டுவந்தார். தேவசகாயத்தின் அட்டையில் பன்னிரண்டு ஓட்டை. முதலாளியின் அட்டையில் எட்டு.

“ஆளுக்குப் பத்துதான் எண்ணிக் குடுத்தேன். சார், உங்க ரெண்டு அங்க போயிருக்குமோ?”

“நான் என் அட்டையத்தான் பாத்து அடிச்சேன்” என்ற முதலாளி, தன் மேஸ்திரியைப் பார்த்தார்.

அந்த இரண்டும் தன்னுடையவை அல்ல என்று தேவசகாயம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேறிவிடுவார். பத்துக்கு மேல் சுட்டவரைக் கிளப்பில் வைத்துக்கொள்வதில்லை.

அவர் தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். “என்துதான் சார். பழைய குண்டு ரெண்டு பாக்கெட்ல இருந்துச்சு. மிஸ்டேக்கு.”

முதலாளியின் அட்டையில் எட்டு ஏன் எட்டாக இருக்கிறது என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. நந்தகோபால் என் பக்கம் திரும்பினார். முதலாளியின் துப்பாக்கி இரண்டு முறை பக்கத்து இலக்குக்குத் திரும்பியதை நான் பின்னால் நின்று பார்த்திருந்தேன். என் வேலை விண்ணப்பமும் முதலாளியின் மேஜையில்தான் இருந்தது. ‘தகுதி இழந்தார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

முதலாளி எழுந்து நின்றார். தேவசகாயம் முட்டிபோட்டபடியே தன் கைக்குட்டையை உதறி, அவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டார்.