மணமேல்குடி ஜெசிந்தா அக்காவும் திருவரங்குளத்தில் எரிந்த பேட்டரியும்

ஜெசிந்தா அக்காவின் மகள் பிரின்சியின் அழைப்பு வந்தபோது நான் பொள்ளாச்சியில் ஒரு படப்பிடிப்பில் இருந்தேன். ஒலிப்பதிவு என் தொழில். காட்சி முடியும்வரை போனைத் தொடுவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அவளிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காலைல கடை தொறக்கப் போனவங்க நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. அறந்தாங்கி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவள் அழவில்லை. காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னாளோ, குரல் வறண்டிருந்தது. ஜெசிந்தா அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் கட்டிக்கொடுத்த பேட்டரியில் கேமரா ஓட்டியவர்கள். ஆனாலும் அவர் எங்கள் யூனிட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

மணமேல்குடிக் கடற்கரையில் ஒரு சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். காலையில் படகுகள் கரை திரும்பும் காட்சி. முந்தின நாள் லாட்ஜில் மின்சாரம் எகிறியதில் சார்ஜர் புகைந்துவிட்டது. கேமரா பேட்டரிகள் எல்லாம் காலி. ஜெனரேட்டர் வண்டியோ வரும் வழியில் சேற்றில் புதைந்து நின்றது. கடைத்தெருவில் ஒரு வண்டி பேட்டரியாவது வாங்கி வாருங்கள் என்று உதவி இயக்குநரை அனுப்பினோம். அவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினார். பேட்டரி அவர் காலடியில் இருந்தது.

"எதுல மாட்டப் போறீங்கன்னு பாக்காம நான் குடுக்க மாட்டேன்" என்றார்.

கேமராமேனிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். எத்தனை வோல்ட் தாங்கும்? எவ்வளவு கரண்ட் இழுக்கும்? முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. அக்கா மணலில் மல்லாந்து படுத்து, கேமராவின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைத் தானே படித்துக்கொண்டார். புகைந்த சார்ஜரின் ஒயரை நறுக்கி, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, மீட்டரால் மூன்று முறை சோதித்துவிட்டு மாட்டினார். கேமரா உயிர் பெற்றபோது முதல் படகு தெரிய ஆரம்பித்திருந்தது.

பேட்டரியை எங்கே வைப்பது? கேமராமேன் தண்ணீருக்குள் நடந்துகொண்டே எடுக்க வேண்டிய காட்சி அது. அக்கா அங்கிருந்த மீன்கூடை ஒன்றில் பேட்டரியை வைத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டார். முழங்கால் தண்ணீரில், ஒயர் இழுபடாத தூரத்தில், கேமராமேன் பின்னாலேயே நடந்தார். காட்சி முடிந்ததும் புடவையைப் பிழிந்துகொண்டே, "கடையத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன். வாரேன்" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் இயக்குநரே கடைக்குப் போய் அவரைப் படத்துக்கு அழைத்தார்.

அதன்பிறகு ஆறு வருடங்கள் எங்களுக்கு பேட்டரி என்றால் அக்காதான். முன்பு செல்போன் டவர்களின் பேட்டரிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். கணவர் குவைத்தில் இருந்ததால், மகளுக்காக ஊரோடு கடை வைத்துக்கொண்டார். கொடும்பாளூர் பக்கம் ஒரு படப்பிடிப்பில் என் மைக்கின் ரிசீவர் பேட்டரி இல்லாமல் நின்றுபோனது. அக்கா ஒரு பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, உயிரோடிருந்த செல்களை மட்டும் பொறுக்கிக் கட்டிக்கொடுத்தார். தூக்கிப்போட வேண்டியதாயிற்றே என்றேன். "செத்தது ரெண்டு செல்லுதான். மத்ததையும் சேத்து ஏன் பொதைக்கிறீங்க?" என்றார். ஆனால் உப்பிப்போன பேட்டரியை மட்டும் கையில் எடுக்க மாட்டார். "எப்ப வேணும்னாலும் தீப்புடிக்கும். அது நம்ம வேலை இல்ல. அங்கிட்டு வைங்க" என்பார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திருவரங்குளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் படமாக்கிக்கொண்டிருந்தோம். லைட்டுக்கான பேட்டரிகளில் ஒன்று உப்பியிருந்ததைப் பார்த்த அக்கா, அதன்மேல் சிவப்பு டேப் சுற்றி வாசலோரம் தனியாக வைத்தார். மறுநாள் காலை மற்ற பேட்டரிகள் போதவில்லை. தயாரிப்பு நிர்வாகி அந்த டேப்பைப் பிய்த்துவிட்டு, உடைகள் இருந்த அறைக்குக் கொண்டுபோய் அதைச் சார்ஜில் போட்டார். மைக் சோதித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அந்த அறையிலிருந்து புகை வந்தது.

உள்ளே ஓடியது அக்காதான். எரிகிற பேட்டரியை இரும்பு வாளிக்குள் தள்ளி, வெளியே தூக்கிவந்து மணலைக் கொட்டினார். துணிகள் கருகின. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அக்காவின் வலது உள்ளங்கை மட்டும் வெந்துபோனது.

தயாரிப்பாளர் வந்தார். "இந்தம்மா லோக்கலா ஒயர் கட்டுனதுதான் சார் காரணம்" என்றார் நிர்வாகி. நான் ஐந்தடி தள்ளி, காதில் ஹெட்போனோடு நின்றிருந்தேன். அக்கா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். என்மேல் பார்வை சற்று நின்றது. என் அடுத்த படம் அதே கம்பெனியில். நான் வாய் திறக்கவில்லை. அன்று மதியமே கையில் கட்டோடு பஸ் ஏறினார். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் கடைக்குப் போனேன். "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னார். டீ ஆறும்வரை வேறு என்னென்னவோ பேசிவிட்டு, "அன்னைக்கு அந்தாளு டேப்ப பிச்சத நான் பாத்தேன் அக்கா" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"அந்தாளு என்மேல பழி போட்டப்ப ரெக்கார்டிங்கே நடக்கல. நீங்க மட்டும் காதுல விழாத மாதிரி ஹெட்போனக் கழட்டாம நின்னீங்களே."

நான் தலை குனிந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? அங்க சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வர, எழுந்து போனார்.

அதன்பிறகும் அவர் ஒரு வருடம் உயிரோடு இருந்தார். சொல்லவேண்டியவர்களிடம் நான் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து, வீட்டு வாசல் பந்தலில் யூனிட் ஆட்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். "நல்ல வேலைக்காரம்மா. அந்தத் தீ விபத்துதான் பாவம்" என்றார் ஒருவர். அப்போதுதான் சொன்னேன். டேப்பிலிருந்து வாளிவரை எல்லாவற்றையும். கேமராமேன், "இத அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார்.

நிமிர்ந்தால், தண்ணீர்ச் செம்போடு பிரின்சி நின்றிருந்தாள்.

"அம்மா இத வீட்ல சொல்லவே இல்ல மாமா. கையில என்னன்னு கேட்டதுக்கு, கொழம்புச் சட்டி சுட்டுருச்சுன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

திருவரங்குளத்தில் எரிந்தது ஜெசிந்தா கட்டிய பேட்டரி இல்லை. தொடவே கூடாது என்று அவர் ஒதுக்கிவைத்த பேட்டரி. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுத்தில் சொல்லிவிட்டேன். 'அங்க சொல்லியிருக்கணும்' என்று அவர் சொன்ன வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதை எங்கேயும் இறக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை.