மூஞ்சியக்காவின் இடப்பக்கம்

பொம்மைக் கடை எதிர்ப்பட்டால் அவன் உள்ளே நுழைந்துவிடுவான். எதையும் வாங்க மாட்டான். அரக்கன் பொம்மைகள் இருக்கும் தட்டைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வருவான். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். கடைக்காரர் கேட்டால், "புள்ளைங்க பயப்படும்" என்பான். உண்மை வேறு. அந்த அரக்கனின் மூஞ்சி அவனுடையது. நெரிந்த புருவம், விடைத்த மூக்கு, மூக்கோரத்தில் மிளகளவு மரு, எல்லாம் அப்படியே. செய்தது வேறு யாருமில்லை, கட்டின பெண்டாட்டி.

இதை எழுதுவதும் அந்த ஆள்தான். 'நான்' என்று எழுதினால் அந்த மூஞ்சி முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஆகவே 'அவன்' என்றே இருக்கட்டும். தவிரவும் இது அவனைப் பற்றியது அல்ல, அவளைப் பற்றியது.

பொம்மைத் தொழிற்சாலையில் அவளுக்கு மூஞ்சியக்கா என்று பெயர். மொட்டைத் தலைகள் தட்டுத் தட்டாக அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் ஒரு மரமுளையில் செருகி, கண், புருவம், கடைசியில் வாய் என்று தீட்டுவாள். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது தலை. வாய்க்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வலமிருந்து இடமாக ஒரே இழுப்பு. "நடுவுல பிரஷ்ஷ எடுத்தா அது பொய்ச் சிரிப்பு. புள்ளைங்க கண்டுபிடிச்சிரும்" என்பாள்.

எந்த முகத்தைத் தீட்டுகிறாளோ அது அவள் முகத்திலும் வந்து உட்கார்ந்துவிடும். பாப்பா பொம்மை என்றால் சிரிப்பாள். தூங்கும் பொம்மை என்றால் கண் சொக்கும். கண்ணாடி, மாதிரிப்படம் எதுவும் வேண்டாம். வாய் போகிற பக்கம் கை போகும். அன்றைக்கு என்ன ஆர்டர் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். அழுகிற கோமாளியைத் தீட்டிய நாளில், தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். அவன் பதறிப்போய், "யாரு போயிட்டாங்க?" என்றான். "யாரும் இல்ல. கோமாளி, இருநூறு" என்று செருப்பைக் கழற்றினாள்.

மற்ற நாட்களில் வீட்டில் அந்த முகத்தில் ஒன்றுமே இராது. கேட்டால், "ஷிப்டு முடிஞ்சுதுங்க. மூஞ்சிக்குந்தான்" என்பாள். அவன் சங்கதி நேர் எதிர். அதே தொழிற்சாலையின் கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். சந்தோஷமோ பசியோ பல்வலியோ, உள்ளே எது கிளம்பினாலும் அவன் முகத்துக்கு வரும்போது கோபமாகத்தான் வந்து சேரும். கல்யாண போட்டோவில்கூட யாரோ காலை மிதித்துவிட்டதுபோல் நிற்கிறான்.

அரக்கன் பிறந்தது ஒரு சண்டையில். வீட்டுச் சாவியை எங்கோ வைத்துவிட்டாள் என்பதற்காக அரைமணி நேரம் கத்தினான். அவள் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு உறைத்துவிட்டது என்று அவனுக்குள் ஒரே பெருமை. கடைசியில், "அந்தப் புருவத்த இன்னொரு தடவ தூக்குங்க" என்றாள். தூக்கினான். அவன் செய்த முட்டாள்தனங்களில் அதற்கே முதலிடம். மூன்றாம் வாரம் அரக்கன் சந்தைக்கு வந்தான். அமோக விற்பனை. அந்தப் பெட்டிகளைத் தன் கையாலேயே லாரியில் ஏற்றும் யோகமும் அவனுக்கே வாய்த்தது. சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணே, இன்னிக்கு உங்க மூஞ்சி முந்நூறு பெட்டி. பாத்து ஏத்துங்க, நசுங்கிடப் போவுது" என்பார்கள் லோடு ஏற்றுகிறவர்கள்.

போன மாதம் ஒரு காலையில், பல் தேய்க்கும்போது அவள் வாயோரத்திலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. முகவாதம் என்றார் டாக்டர். சரியாகிவிடும், ஆனால் இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம் என்றார். கை நன்றாகத்தானே இருக்கிறது என்று பத்தாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று தீட்டிய இருநூற்று நாற்பது பாப்பாக்களும் ஒரு பக்கமாகச் சிரித்தன. மறுபக்கம் அவள் வாயைப் போலவே தொங்கியது. கோடு நடுவைத் தாண்டியதும் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு தலையை எடுத்து வெகுநேரம் பார்த்தாராம். "அக்கா, பாப்பா எதையோ மறைக்கற மாதிரி இருக்குக்கா. திங்கக்கெழம நேரா சிரிக்கறதா ஒரு டஜன் கொண்டாங்க. முடியலன்னா பேக்கிங்ல ரிப்பன் கட்டலாம்."

"ரிப்பன் கட்ட வராதுன்னு இல்ல" என்றாள் வீட்டில். "ரிப்பனுக்கு மூஞ்சி இல்லயேங்க."

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் முறையிட்டு அவன் கேட்டது அந்த ஒன்றுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரலில் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு தலைகள். கண்ணும் புருவமும் ஆகிவிட்டன, வாய்தான் பாக்கி. மரமுளைக்கு நேர் பின்னால் நாற்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்தாள். "சிரிங்க. உங்களப் பாத்துப் போடறேன்."

சிரித்தான்.

"பல்லு எதுக்கு? மூடிக்கிட்டு."

மூடிக்கொண்டு சிரித்தான்.

"வயித்து வலியா?"

"இதான்டி என் சிரிப்பு."

மூன்று தலைகள் வீணாயின. மூன்றும் பல் டாக்டர் வாசலில் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல் இருந்தன. துணியை பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து மூன்று வாயையும் துடைத்தாள். பதினோரு வருஷத்து ஆற்றாமை அப்போதுதான் அவனுக்கு வெடித்தது.

"கோவத்துக்கு மட்டும் என் மூஞ்சி வேணும். சிரிப்புக்கு ஆகாதோ?"

"நீங்க எப்ப சிரிச்சீங்க, நான் பாத்து வெச்சுக்க?"

அவன் புருவம் நெரிந்தது, மூக்கு விடைத்தது, அரக்கன் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டான். அவள் முகத்தின் வலப்பக்கம் சிரித்துவிட்டது. வீட்டில், ஷிப்டு இல்லாத நேரத்தில்.

"அட" என்று வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் நல்லாத்தாங்க இருக்கு. நீங்க முழுசா சிரிக்க வேணாம். இந்த ஆகாத பக்கத்த மட்டும் எனக்காகச் சிரிங்க. நடுவு வரைக்கும் நான் போயிருவேன். அங்கருந்து உங்களப் பாத்துக்கறேன்."

பாதிச் சிரிப்பு எப்படிச் சிரிப்பது? முதலில் தப்பான பக்கத்தை இழுத்தான். "எனக்கு எடப்பக்கம்ங்க, உங்களுக்கு இல்ல." மாற்றினான். வாயோரம் ஏறினால் கூடவே புருவமும் ஏறியது. புருவத்தை இறக்கினால் வாயும் இறங்கியது. தூரிகை நுனியில் சிவப்பு காய ஆரம்பித்தது. கடைசியில், லீவர் பிடித்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை உதட்டோரத்தில் கொடுத்து, பெட்டி தூக்குவதுபோல் பதமாக மேலே தூக்கினான்.

அவள் மூச்சைப் பிடித்தாள். தூரிகை வலக்கோடியில் தொட்டு, நடுவுக்கு வந்து, நிற்காமல் தாண்டி, மேலேறி முடிந்தது. தலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேராக இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை முளையில் செருகினாள்.

கை கடுத்தது. அவன் விரலை இறக்கப் போனான்.

"எடுத்துடாதீங்க" என்றாள், தூரிகையைத் தோய்த்தபடி. "இன்னும் பதினொண்ணு இருக்கு."