இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அட்டை

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த 'ன' என்று இன்றும் தடுமாறுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. என் அக்கா கணக்கில் பெரிய படிப்பு படித்தவள். மதுரையில் ஒரு மருத்துவமனையில், வலிப்பு நோயாளிகளின் மூளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவளுக்கு. மூளையின் மேல்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்குமாம். ஆளுக்கு ஆள் மடிப்பு மாறும். எல்லாருடைய படத்தையும் ஒரு சராசரிப் படத்தின் மேல் இழுத்துப் பொருத்தி, மடிப்பின் மேல் மடிப்பு உட்கார்ந்த பிறகுதான், எந்த இடம் மெலிந்திருக்கிறது என்று சொல்ல முடியுமாம்.

வெளிநாட்டில் செய்த சராசரி நம் ஆட்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்து அக்கா புதிதாக ஒன்று செய்தாள். நோயில்லாதவர்கள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டாள். மேல்பரப்பு என்றாளே, முடி மறைக்குமே என்று நான் மொட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"என்னலே, வேதக்கார வீட்டுப் பிள்ளை பழனிக்குப் போயிட்டியா?"

"இல்லக்கா. படத்துக்கு."

"மண்டைக்குள்ள எடுக்குற படத்துக்கு முடி என்னலே பண்ணும்?"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சில மாதம் கழித்துக் கடைக்கு வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை. நோயாளிகளின் மூளை பல இடத்தில் மெலிந்ததாகத் தெரிந்திருக்கிறது. அது நோயால் வந்ததா, இழுத்துப் பொருத்தியதில் வந்ததா என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் மூன்று வருட வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம்.

"நாலு நாளா சோறு எறங்கல தம்பி."

நான் யாரிடமும் கேள்வி கேட்கிறவன் இல்லை. துணி மேல் வைத்து அளவுக்கு வெட்டும் வெட்டு அட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அந்தச் சராசரியில நோயாளிகளையும் சேத்தியாக்கா?"

"நல்லா இருக்குறவங்கள மட்டுந்தான். அதானலே அளவு?"

ஒரு வருடம் பெண்கள் பள்ளிக்கு, வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளை மட்டும் அளந்து அட்டை வெட்டியதைச் சொன்னேன். அவர்களுக்குப் பாவாடை மடிப்பு கச்சிதமாக விழுந்தது. ஒல்லியான விடுதிப் பிள்ளைகளுக்கு மடிப்பெல்லாம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை, அட்டையில்தான். மறு வருடம் இரண்டு கூட்டத்தையும் கலந்து அளந்து வெட்டினேன். போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி வெட்டினேன்.

அக்கா என் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத ஏன்லே இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீ கேக்கலையே."

டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். இரண்டு கூட்டத்தையும் கலந்து சராசரியைப் புதிதாகச் செய்வதாக டாக்டரிடம் சொல்லிக் கூடுதல் நாள் வாங்கினாள். செய்து பார்த்ததில் பல மெலிவுகள் காணாமல் போயின. ஓர் இடம் மட்டும் அப்படியே நின்றது; அதுதான் நோயால் வந்த மெலிவு. டாக்டர் ஒத்துக்கொண்டார். வேலை அக்காவிடமே இருந்தது.

இன்று சர்ச்சில் பூசை முடிந்து கடைக்கு வந்து, அந்தச் சராசரி மூளையின் படத்தை என் வெட்டு அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"ஒன் மடிப்பும் இதுல எங்கயோ இருக்குலே."

எங்கே என்று வெகுநேரம் தேடினேன். தெரியவில்லை. ஆனாலும் இருக்கிறதே என்று சந்தோஷமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

12.7.2009, ஞாயிற்றுக்கிழமை.