யன்னலோரத்துத் தேங்காய் எண்ணெய்

எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல் நிற்கும். முன்பு ஊறுகாய் இருந்த, வாய் அகன்ற போத்தல். லண்டனில் இலை உதிரத் தொடங்கும்போதே அதற்குள் இருக்கும் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக இறுகிவிடும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் அம்மா கரண்டிக் காம்பால் கொஞ்சம் தோண்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்கித்தான் வைப்பார். மற்ற வீடுகளில் அது வெறும் எண்ணெய். எங்கள் வீட்டில் அது அண்ணையின் கலண்டர். அந்த எண்ணெய் தானாக உருகி அடிவரை தெளிந்து நிற்கிற நாள்தான் அவர் சைக்கிளை வெளியே எடுக்கிற நாள். ரிவியில் சொல்லும் வானிலையை அவர் கணக்கில் எடுப்பதில்லை. "அவங்கள் தங்கடை குளிருக்குச் சொல்லுறாங்கள். என்ரை குளிர் எனக்குத்தான் தெரியும்" என்பார்.

அண்ணை ஹொலண்டில் அகதியாக இருந்துவிட்டு, வதிவிடப் பேப்பர் சரிவந்த பிறகு எங்களோடு இருக்கவென்று ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவர். வரும்போது ஒரு பையும் ஒரு சைக்கிளும் கொண்டுவந்தார். உயரமான கறுப்புச் சைக்கிள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சைக்கிள் ஒரு பகிடி. ஊரில் சைக்கிள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, அதனால் வெளிநாட்டுக்கு வந்தால் கார் எடுக்க வேண்டும், அதுதான் எல்லோருடைய கணக்கும். வேலைக்கும் இல்லை, கடைக்கும் இல்லை, சும்மா ஓடுவதற்கு ஒருவர் சைக்கிள் வைத்திருப்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆற்றங்கரைக்குப் போய், பெரிக் கப்பல் அக்கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார். "எங்கை போட்டு வாறாய்?" என்று அம்மா கேட்பார். "ஆத்தடிக்கு." "ஆரைப் பாக்க?" "ஒருத்தரையும் இல்லை." அம்மா என்னைப் பார்த்து, "உன்ரை கொண்ணைக்கு ஆத்திலை ஆரோ வாக்குக் குடுத்திருக்கினம்" என்பார்.

இவ்வளவு ஆசை உள்ளவர் குளிரில் ஏன் ஓடுவதில்லை என்று நானே ஒருநாள் கேட்டேன். அவருக்கு ஹை ஸ்ட்ரீற்றில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டும் வேலை. "கிழமை முழுக்க ஐஸுக்குள்ளை கை. லீவு நாளிலையும் விறைக்கிறதுக்கு எனக்கென்ன விசரோ?" என்று கைகளை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளை படிந்திருந்தது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் மீன் மணம் போகாத கைகள். அதனால் பனிக்காலம் முழுக்க அவர் காத்திருந்தார். ஆனால் சும்மா இருந்து காத்திருக்கவில்லை. வாசலுக்கும் அறைகளுக்கும் நடுவிலுள்ள ஓடைக்குள் பழைய பேப்பரை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கம்பி கம்பியாகத் துடைப்பார். பின்சில்லைச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்ட வைத்துக் கேட்பார். குளியலறைக்குப் போகிற அம்மா கையில் கறுப்புக் கிறீஸ் பட்டு ஏசுவார். யன்னலில் எண்ணெய் வெள்ளையாகவே நிற்கும்.

அப்படி வெள்ளையாக நின்ற ஒரு தை மாதத்தில் அண்ணை போய்விட்டார். கடையில் மீன் பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே முடிந்துவிட்டது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வராது. அதிகம் படித்தவள் இல்லை நான், இடம்பெயர்ந்த இடங்களிலேயே பள்ளிக்கூடம் விடுபட்டுப் போனது. சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். ஓடையில் நின்ற சைக்கிளைத் தாண்டித்தான் அவருடைய உடுப்பை எடுக்கப் போனேன், அப்போது அதன் மணியில் என் முழங்கை பட்டு அது ஒருதரம் அடித்தது. வீட்டில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரோ சொன்னார்கள், "நெஞ்சு ஏலாத பெடியனை அந்தச் சைக்கிள்தான் திண்டது" என்று. சைக்கிளை வீட்டை விட்டு அனுப்ப அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. நோர்பரியில் இருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, நல்ல மனத்தோடுதான் கேட்டார். "அக்கா, அது கண்ணுக்கு முன்னாலை நிண்டால் உங்களுக்கும் கரைச்சல். என்ரை மூத்தவனுக்கு எடுக்கட்டே?" அம்மா யன்னலைப் பார்த்தார். "இப்ப வேண்டாம். பனிக்குள்ளை பிள்ளை ஓடக் கூடாது. எண்ணெய் உருகினாப் பிறகு வந்து எடு." நாளைக் குறிக்க எங்கள் வீட்டில் வேறு கணக்கு இருக்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் முழு லண்டனும் வெயிலுக்குக் காத்திருந்தது. நான் ஒருத்திதான் குளிர் போகக் கூடாது என்று நேர்ந்துகொண்டு திரிந்தேன். சைக்கிள் போனால் அண்ணை இரண்டாம் தரம் போவார் என்று எனக்குத் தோன்றியது. கெஞ்சிக் கேட்டு அம்மாவிடம் வாங்க ஏலாது, நானும் அதை ஓடுகிறவள் என்று காட்டினால்தான் அது வீட்டில் நிற்கும் என்று முடிவு எடுத்தேன். துப்புரவு வேலைக்குப் போகுமுன் அதை லிப்டில் நிமிர்த்தி இறக்கி, பிளாற்றுக்குப் பின்னால் கார் நிற்பாட்டும் இடத்தில் ஓடிப் பழகினேன். சீற்றை இறக்க மனம் வரவில்லை. அது அண்ணையின் காலுக்கு வைத்த உயரம். பெருவிரல் நுனியால் மிதித்தேன். பின்னுக்கு மிதித்தால் பிரேக் என்பதை மறந்து குப்பைத் தொட்டிகளுக்குள் போய் விழுந்தேன். கை உரிந்தது. அடுத்த நாளும் இறக்கினேன். அம்மா என் கையில் பிளாஸ்டரைக் கண்டார்.

மாசி முடிகிற ஒரு காலையில் பெடலை மிதித்தால் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். செயின் முழுக்க வெள்ளையாக, மெழுகு ஊற்றியதுபோல இறுகிப்போய் இருந்தது. விரலால் சுரண்டி மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். அண்ணையின் தலையணை மணம். மேலே போய், "அம்மா, செயினுக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "துருப் பிடிக்குது எண்டு கொஞ்சம் பூசினனான்." "அது தலைக்கு வைக்கிறதல்லே. குளிருக்கு இறுகிப்போச்சு." "குடுக்கிற சாமானை வடிவாக் குடுக்க வேணும்" என்றார். பிறகு கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். ஓடையில் பேப்பரை விரித்து, இரண்டு பேரும் முழங்காலில் குந்தி, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு ஒரு பழைய பல்லுத்தூரிகையால் ஒவ்வொரு கண்ணியாகக் கழுவினோம். அண்ணை செய்ததுபோலவே அம்மா பின்சில்லைச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்ட வைத்தார். கேட்கிறதுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் கேட்டோம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு வெயில் வந்தது. முதல் நாள் பின்னேரமே போத்தலில் எண்ணெய் தெளிந்துவிட்டது, அடியில் தாயக்கட்டை அளவு வெள்ளை மட்டும் கிடந்தது. காலையில் மாமா வானோடு வந்து நின்றார். "இண்டைக்கு ஏத்தலாம் தானே, அக்கா?" அம்மா தேத்தண்ணீரை அவருடைய கையில் கொடுத்தார். "எண்ணெய் உருகேல்லை, தம்பி." மாமா சிரித்தார். "வெளியிலை சனம் பெனியனோடை திரியுது." அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, போத்தலை எடுத்து வா" என்றார். நான் யன்னலடிக்குப் போனேன். எண்ணெய் அடிவரை வெள்ளையாக இறுகியிருந்தது. தூக்கினால் போத்தல் கையில் சில்லிட்டது, வெளிப்பக்கம் முழுக்க நீர்த்துளி. இரவு முழுக்க அது பிரிட்ஜுக்குள் இருந்திருக்கிறது. மாமாவுக்கு முன்னால் வைத்தேன். மேசையில் ஈர வட்டம் விழுந்தது. அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "சரி அக்கா. உருகினாப் பிறகு சொல்லுங்கோவன்." அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

வான் போன பிறகு அம்மா சொன்னார், "அந்தச் சீற்றை இறக்கு. கால் எட்டாமல் நீயும் விழுந்தியெண்டால் நான் ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" அன்றைக்குத்தான் இறக்கினேன். பிறகு ஆற்றங்கரை வரை ஓடினேன். பெரி அக்கரைக்குப் போவதைப் பார்த்தேன். அண்ணை அங்கே என்னத்தைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை போவது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. என் கைகள் ஐஸுக்குள் கிடப்பவை இல்லை, குளிரில் ஓடலாம். அண்ணைக்குக் கிடைக்காத ஞாயிறுகளையும் சேர்த்து ஓடுகிறேன். போன ஞாயிறு காலையில் வெளியே புல்லில் உறைபனி. நான் கிளவ்ஸ் போடப் போக, "எண்ணெய் இன்னும் வெள்ளையாத்தான் நிக்குது" என்றார் அம்மா. "தெரியும் அம்மா. போட்டு வாறன்." "நில்லு, தலை காஞ்சு கிடக்கு." யன்னலில் நின்ற போத்தலைத் திறந்து, கரண்டிக் காம்பால் ஒரு துண்டு தோண்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினார். வெள்ளை இல்லை, தெளிந்த எண்ணெய் மினுங்கியது.

"பார், உருகிட்டுது" என்று என் தலையில் வைத்தார். "இனிப் போட்டு வா."