முதல் மூட்டை

மூட்டையை நிற்க வைத்துக் குத்துவது அவருக்குப் பிடிக்காது. படுக்க வைக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குத்தூசி குறுக்காகப் போய், மேல், நடு, அடி என்று எல்லா இடத்துத் தீவனத்தையும் தன் பள்ளத்தில் அள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்ததைக் காகிதத்தில் கொட்டி, கூம்பாகக் குவித்து, உள்ளங்கையால் தட்டையாக்கி, இரும்பு அளவுகோலால் நான்கு பங்காகக் கீறுவார். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி குவிப்பார். மறுபடி நான்கு. கடைசியில் ஒரு கைப்பிடி நிற்கும். அதை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "ம், இனி நீ சொல்லு" என்று அந்தக் கைப்பிடியிடமே சொல்வார்.

கால்நடைத் தீவனத்தில் எந்த மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் கூடத்தில் அவருக்கு இது பதினோராவது வருடம். குத்தூசி அக்கா என்றால் வாசல் காவலாளியிலிருந்து லாரி ஓட்டுநர்கள் வரை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் கையில் இருக்கும் கருவியைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேரு. வெச்சவன் சிக்கனக்காரன்" என்பார்.

வயது ஐம்பத்துமூன்று. வெள்ளை அங்கியில் மூன்றாவது பொத்தான் மட்டும் பச்சை. அங்கிப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று அவர் எழுத, இன்னொன்று இரவல் கேட்பவர்களுக்கு. இரவல் பேனாவில் மை இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

வீட்டிலும் இந்தக் குணம் விடாது. சர்க்கரை டப்பாவைத் தலைகீழாக நாலு தடவை கவிழ்த்த பிறகுதான் திறப்பார். கடையில் மேலாக அள்ளிப் போட்டால் விடமாட்டார். "மேல இருக்கறது பாக்கறதுக்கு வெச்சது. நமக்குக் கீழேருந்து அள்ளுங்க." கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அள்ளிப் போடுவார். கணவர் பேருந்து ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய முழங்கால் பெடலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அடுப்பு அவர் பொறுப்பு, சம்பளம் அக்கா பொறுப்பு. டீ கொடுத்தால் அக்கா அடிவரை கலக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "அதுல என்ன மருந்தா போட்டிருக்கேன்?" என்பார் கணவர். "போட்டிருந்தா சொல்லிடுங்க. நேரம் மிச்சம்" என்பார் அக்கா.

கூடத்தில் பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. ஊசியால் ஒரு துளி கொடுத்தால் திரையில் கோடு கோடாக மலை வரையும். அக்கா அதையும் ஓட்டுவார். ஆனால் அவர் நெஞ்சார நம்புவது கண்ணாடித் தட்டைத்தான். தட்டில் கூழ் ஊற்றி, அதில் கிருமி விதைத்து, நடுவில் குழி போட்டு, தீவனத்திலிருந்து பிரித்த சாற்றைக் குழியில் விட்டு ஒரு நாள் கதகதப்பில் வைப்பார். மருந்து இல்லையென்றால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கிப் போகும். இருந்தால் குழியைச் சுற்றி வட்டமாக ஓர் இடம் தெளிந்து நிற்கும். வட்டம் எவ்வளவு பெரிதோ, மருந்து அவ்வளவு. "மெஷின் சொல்றதை மெஷின் தெரிஞ்சவங்கதான் நம்பணும். இதை யாரும் பாக்கலாம். கண்ணு இருந்தாப் போதும்."

போன வாரம் அந்தத் தட்டுகளை வைத்துத்தான் சண்டை.

தீவன ஆலை ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு புட்டி. இருநூறு மூட்டை குதிரைத் தீவனத்துக்குச் சான்று வேண்டும். அவர்களே பல மூட்டையில் எடுத்துக் கலந்து கொண்டுவந்துவிட்டார்களாம். அக்கா புட்டியைத் தொடவே இல்லை.

"குதிரைத் தீவனத்துக்கு முன்னாடி அதே மெஷின்ல என்ன கலந்தீங்க?"

"கோழித் தீவனம் மேடம்."

"மருந்து போட்டதா?"

"கோழின்னா மருந்து இல்லாமலா?"

அக்காவுக்கு அது போதும். கோழியின் குடலைக் காப்பாற்றும் அந்த மருந்து குதிரையின் நெஞ்சை நிறுத்திவிடும். கலக்கும் இயந்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால், ஓரத்தில் ஒட்டியிருந்ததெல்லாம் அடுத்து வரும் முதல் மூட்டைகளில் வழித்துக்கொண்டு வந்துவிடும். பத்து மூட்டை வேண்டும், அதில் முதல் மூட்டை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி வரவழைத்தார். பத்தையும் படுக்க வைத்துக் குத்தினார். கலக்கவில்லை. பத்துக்கும் தனித்தனித் தட்டு.

மூன்றாம் நாள் கூடத்து மேலாளர் அறையில் பத்துத் தட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்பது மங்கியிருந்தன. முதல் மூட்டையின் தட்டில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் ஒரு தெளிந்த வட்டம். அதை மட்டும் இன்னொரு முறை செய்து பார்த்திருந்தார். அதிலும் வட்டம்.

மேலாளர் தட்டுகளைப் பார்க்கவில்லை, தன் தாளைப் பார்த்தார். "விதிமுறைல என்ன எழுதியிருக்கு அக்கா? பத்தையும் கலந்து ஒரே சாம்பிளாப் பாக்கணும். நான் கலந்து மெஷின்ல குடுத்துட்டேன். ஒண்ணுமே காட்டல. சான்றுல கையெழுத்துப் போடுங்க, நானும் போடறேன், முடிஞ்சுது."

"அது கோழித் தீவனத்துக்கு எழுதின விதி சார். அங்க மருந்து இருக்கணும், அளவு சரியான்னு பாக்கறோம். இங்க இருக்கவே கூடாது. ஒரு மூட்டைல இருக்கறதை ஒன்பது மூட்டைல போட்டுக் கரைச்சா மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

ஆலைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். "லாரி ஏத்தி நிக்குது மேடம். சாயங்காலம் கிளம்பினாத்தான் காலைல பண்ணையில இறக்க முடியும். இருநூறுல ஒரு மூட்டைக்காகவா இவ்வளவும்?"

"அந்த ஒண்ணை எந்தக் குதிரை திங்கப்போகுதுன்னு சொல்லுங்க. அதுகிட்டயே போய் சம்மதம் வாங்கிட்டு வரேன்."

"சராசரியாப் பாத்தா..."

"சராசரியை யாரும் திங்கறதில்ல தம்பி. குதிரை முன்னாடி ஒரு மூட்டையைத்தான் பிரிச்சு வைப்பாங்க."

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அக்காவின் வேலை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் வேலை. இந்த வருடத்துத் தாள் மேலாகவே கிடந்தது, கையெழுத்து இல்லாமல். அதை எடுத்து மேசையில் வைத்து ஒரு விரலால் நேராக்கினார்.

"நான் இன்னும் இதுல போடல அக்கா. ஞாபகம் இருக்கில்ல?"

அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். காலையில் செருப்பை மாட்டும்போது கணவர் சொன்னது காதில் கேட்டது. "இன்னைக்கு மட்டும் சண்டை போடாம வா." முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் இதுல போடல சார்" என்றார் அக்கா, சான்றைக் காட்டி. "கணக்கு சரியாப் போச்சு."

"அப்ப ஒரு கையெழுத்துகூடக் கிடைக்காது, அப்படித்தானே?" என்றார் மேலாளர்.

"யார் சொன்னா? கையெழுத்துதானே? போடறேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஆலைக்காரர் மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா தரையில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். முதல் மூட்டையின் மிச்சக் கைப்பிடி அதில் இருந்தது. மூடியின் குறுக்கே ஒட்டுத்தாளை ஒட்டி, இரண்டு முனையையும் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டுவரை இழுத்து அழுத்தினார். மூட்டை எண், ஆலைப் பெயர், தேதி எழுதினார். பிறகு பாதி ஒட்டுத்தாளிலும் பாதி சீட்டிலும் விழும்படி தன் பெயரை முழுசாக, நிறுத்தி நிதானமாகப் போட்டார். இனி ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் அந்த மூடியை யாரும் திறக்க முடியாது. புட்டியைக் கொண்டுபோய்ச் சான்றின் நட்டநடுவில் வைத்தார்.

"நாளைக்கு ஒரு குதிரை விழுந்தா, இதைத் திறக்க யார் யார் வருவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

ஆலைக்காரர் புட்டியைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். பிறகு எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் போனைக் காதில் வைத்தார். "வண்டியை எடுக்காத. ஆமா, எடுக்காதன்னு சொன்னேன்ல! முழுசும் இறக்கு" என்று கத்துவது அறைக்குள் நன்றாகவே கேட்டது.

மேலாளரின் முகம் கறுத்துவிட்டது. புதுப்பிப்புத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" சட்டைப் பையைத் தடவினார். மேசையில் தாள்களை நகர்த்தித் தேடினார். பேனா இல்லை. கையை நீட்டினார். "குடுங்க அதை."

அக்கா தன் பேனாவை மூடி, அங்கிப் பையில் செருகினார். பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, மிக மரியாதையாக, இரண்டு கையாலும் நீட்டினார்.