ஒரு முழம் குறைந்த தார்ப்பாய்

அரசாங்க ஆபீஸில் வண்டிப் பிரிவு என்பது, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் வண்டிகளுக்காகக் கையெழுத்துப் போடும் இடம். டெல்லியில் ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். ஜீப்புக்கு டயர், காருக்கு பேட்டரி, லாரிக்குத் தார்ப்பாய் என்று எது வந்தாலும் 'வேலை திருப்தி' என்று எழுதிக் கொடுக்க வேண்டியது என் மேஜை. நீங்களும் அப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்தவர் என்றால், எதிரே நிற்பவர் பேனா மூடியைத் தானே திறந்து நம் கையில் கொடுக்கிற நிமிஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேனாவை நான் ஒரு தடவை திருப்பிக் கொடுத்தேன். அதனால் வந்த கதைதான் இது.

நாலு கம்பி

எங்கள் ஆபீஸுக்கு இருந்தது ஒரே ஒரு லாரி. ஃபரீதாபாத் அச்சகத்திலிருந்து படிவக் கட்டுகளை ஏற்றி வருவதுதான் அதற்கு வேலை. பழைய தார்ப்பாய் கிழிந்துபோனதால் புதிதாகக் கம்பி வைத்து மூடித் தரும் வேலையை குப்தா என்ற காண்டிராக்டருக்குக் கொடுத்திருந்தார்கள். மே மாத மத்தியானம் ஒன்றில் லாரி திரும்பி வந்தது. டிரைவர் பல்பீர் சிங் இறங்கினார். எப்போதும் 'சத் ஸ்ரீ அகால் பஹன்ஜி' என்று இந்த அக்காவுக்கு உரக்க வணக்கம் சொல்பவர், அன்று நேரே லாரியின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார்.

சுற்றி வந்து பார்த்தேன். ஐந்து வளைவுக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் நாலு. நடுவில் தார்ப்பாய் தொட்டில் மாதிரித் தொங்கியது. கயிறு கோக்கும் வளையம் ஓரிடத்தில், கொக்கி ஓரிடத்தில். பின்னால் கதவை மூடவேண்டிய துணி ஒரு முழம் எட்டவே இல்லை. நான் முழம் போட்டுக் காட்டியபோது, லாரியோடு வந்திருந்த குப்தாஜி கொஞ்சம்கூட அசரவில்லை. பேனாவைத் திறந்து நீட்டியபடியே சொன்னார்: "துணிதானே மேடம், இழுக்க இழுக்க நீளும்."

நாகராஜன் சாரின் அக்கறை

எங்கள் சூப்பரின்டென்டென்ட் நாகராஜன் கும்பகோணத்துக்காரர். நான் மதுரை. டெல்லியில் அந்த நூற்றிருபது மைல் தூரம் கணக்கில் வராது. அவருக்கு நான் 'நம்ம ஊர்ப் பொண்ணு'. அவர் வீட்டு நவராத்திரிச் சுண்டலை வருஷா வருஷம் சாப்பிட்டவள் நான். அவர் கூப்பிட்டு உட்கார வைத்து, லாரி சும்மா நின்றால் மேலே கேட்பார்கள், குப்தா பிறகு சரி செய்துவிடுவார், இப்போதைக்குக் கையெழுத்துப் போடு என்றார்.

"நான் பார்த்ததை எழுதறேன் சார்" என்று எழுதினேன். கம்பி ஒன்று குறைவு, துணி ஒரு முழம் குறைவு, மழை பெய்தால் சரக்கு நனையும். ஒரு பக்கம் வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா. அதுக்காக இவ்வளவு எழுதணுமா?"

சோதனை

குப்தா விடவில்லை. மேடத்துக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டக்காரரின் ரப்பர் குழாயை வாங்கி பல்பீர் சிங் கையில் கொடுத்தேன். புடவையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறித் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தேன். "இப்போ அடிங்க தண்ணியை" என்றேன். "பஹன்ஜி, நீங்க இறங்குங்க, நான் உட்கார்றேன்" என்று அவர் கெஞ்சினார். "நனையறது நானா இருந்தாத்தான் இவங்க நம்புவாங்க. அடிங்க!"

ஐந்து நிமிஷம். தொங்கிய இடத்தில் முதலில் குளம் கட்டியது. அப்புறம் அது மொத்தமாக என் தலையில் இறங்கியது. மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள். சொட்டச் சொட்ட இறங்கி, குப்தா முன்னால் நின்று முந்தானையைப் பிழிந்தேன். காலடியில் தேங்கிய தண்ணீரை அவரும்தான் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது குழாய்த் தண்ணி மேடம். மழை இப்படியெல்லாம் பெய்யாது."

மழை அப்படித்தான் பெய்தது

ஜூன் கடைசியில் தங்கை கல்யாணத்துக்காக மதுரை போனேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், 'வேலை திருப்தி' என்று நாகராஜன் சாரே கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடியிருந்தார். லாரியும் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் வந்த மறுநாள் மதுரா ரோட்டில் பேய் மழை. படிவக் கட்டுகள் ஊறிப்போய், கிடங்கில் மண்வெட்டியால் அள்ள வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் கழித்து பல்பீர் சிங் ஒரு காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். பின்பக்கத் தார்ப்பாயை அவர் சரியாகக் கட்டாமல் அலட்சியமாக ஓட்டினாராம். விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன். கீழே நாகராஜன் சாரின் கையெழுத்து. பதினாறு வருஷம் ஓட்டியவர். பெரிய பெண்ணுக்கு ஊரில் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தையை விரலால் தொட்டார். "இது என்னன்னு எனக்குத் தெரியும் பஹன்ஜி, 'டிரைவர்'. இது ஒண்ணுதான் இதுல நிஜம்."

கட்டிப் பாருங்கள்

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். வாசலில் நாகராஜன் சார் மெதுவாகத் தடுத்தார். "வேண்டாம்மா. நீ உள்ளே போனா அப்புறம் உனக்கு இந்த சீட் இருக்காது." பயமாகத்தான் இருந்தது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நான் எழுதிய பக்கத்தை விசாரணை அதிகாரி மேலோட்டமாகப் பார்த்து, "இது உங்கள் அபிப்பிராயம்" என்று தள்ளி வைத்தார். "அபிப்பிராயம் வேண்டாம் சார். லாரி கீழேதான் நிக்குது. நீங்களே ஒரு தடவை கட்டிப் பாருங்க" என்றேன்.

பல்பீர் சிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, அதிகாரி எழுந்து லாரிக்கு இறங்கி வந்தார், பின்னாலேயே நாகராஜன் சாரும். கோட்டைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். பின்பக்கத்தை இழுத்துக் கட்டினார், முன்பக்கம் பிய்த்துக்கொண்டது. முன்னால் கட்டினார், பின்னால் திறந்துகொண்டது. மூன்றாவது தடவை கயிறு கையை அறுத்துவிட்டது. கையை உதறிக்கொண்டே நாகராஜன் சாரைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்டர் நாகராஜன், இந்த மனுஷன் இதில் எந்தப் பக்கத்தைக் கட்டவில்லை என்று எழுதினீர்கள்?"

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில்

பல்பீர் சிங்குக்கு அந்த வாரமே வேலை திரும்பக் கிடைத்தது. குப்தா தன் செலவில் வேறு தார்ப்பாயும் ஐந்தாவது கம்பியும் போட்டுக் கொடுத்தார். எனக்கு அடித்தளத்தில் பழைய ரிக்கார்டு அறைக்கு மாற்றல். ஜன்னல் கிடையாது, பட்டப்பகலில் குழல்விளக்கு. அழுவேன் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நான் இரண்டு அலமாரியைத் தூசி தட்டி, எனக்கென்று ஒரு மண்பானை வாங்கி வைத்துக்கொண்டேன். நாகராஜன் சார் அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. அந்த வருஷம் சுண்டலும் இல்லை.

பல மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையில் அவரும் நானும் அடுத்தடுத்து நின்றோம். கொட்டை வறுபட நேரமாகும், ஓடவும் முடியாது. என்னைப் பார்க்காமல், வறுக்கிற மெஷினைப் பார்த்துச் சொன்னார்: "நான் கம்பியை எண்ணாமத்தான் கையெழுத்துப் போட்டேன் சந்திரா. நீ எண்ணினதுதான் எனக்குக் கோபம்."

வண்டிப் பிரிவில் இருந்த அந்த ஆறு வருஷத்தில் நான் எதையும் சரிபார்க்காமல், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது என் மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்டதற்கு மட்டும்தான்.