அம்மாவின் கடிதம் கட்டம் கட்டமாக

குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், மட்டாஞ்சேரி வீட்டில் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அம்மா தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் சொன்னாள். செங்கோட்டையில் இருந்த மாமாவோடு அவளுக்குப் பல வருஷமாகப் பேச்சு இல்லை. "தபால்ல ஒண்ணும் போடவேண்டாம்டா. அண்ணன் வரட்டும், கையில கொடு. எனக்கு அவன்கிட்ட சொல்லணும்" என்றாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை அப்போது எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் வசதி இருந்ததால், அவள் சொல்லச் சொல்லத் தட்டிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்தது. குரல் போனது. அடுத்த நாள் வருகிறேன் என்று மாமாவிடமிருந்து போன் வந்த அன்று ராத்திரி, அச்செடுக்கலாம் என்று கடிதத்தை எடிட்டரில் திறந்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. வரிக்கு வரி கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப்பொடியாக ஏதோ குறியீட்டு எண்.

செய்தது நான்தான். முந்தைய வாரம் கை சும்மா இருக்கமாட்டாமல், புது லினக்ஸ் சிடி கிடைத்தது என்று பழையதைத் துடைத்துப் புதியதை ஏற்றியிருந்தேன். கடிதத்தை ஃப்ளாப்பியில் பத்திரப்படுத்திய மடையன், தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் ஃபான்ட்டை மறந்துவிட்டேன். மலையாளத்தில் புழங்குகிறவனுக்கு அது எங்கே ஞாபகம் வரப்போகிறது? தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஹர்த்தால், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை கடையடைப்பு. நெட் கஃபே ஒன்றும் திறக்கவில்லை. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. வெலிங்டன் தீவில் வேலை பார்த்த நண்பனுக்குப் போன் செய்தேன். "டென்ஷன் ஆகாதடா. ஃபான்ட் பட்டியலை ஒருக்கா புதுப்பிச்சுப் பாரு" என்றான். மூன்று தடவை புதுப்பித்தேன். இல்லாத ஃபான்ட்டை அது எங்கிருந்து கொண்டுவரும்? பழைய சிடி ஒன்றில் ஒரு தமிழ் ஃபான்ட் அகப்பட்டது. அது வேறு எண்வரிசை கொண்ட பழைய முறைப்படி செய்தது. என் கட்டங்களை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா உள்ளங்கையில் விரலால் கிறுக்கிக் காட்டினாள். கடிதம் தயாரா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். இன்னொரு தடவை சொல்லும்மா என்று இனி அவளிடம் கேட்க முடியாது. செத்துவிடலாம் போல இருந்தது.

திரும்பி வந்து அந்த எண்களையே முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எழுத்து அழியவில்லை, எண்ணாக உள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரின் எழுத்து அட்டவணையில் தமிழையும் மலையாளத்தையும் ஒரே வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஓரிரண்டைத் தவிர எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் அதன் மலையாள ஜோடி அதே தூரத்தில் இருக்கும். மலையாள ஃபான்ட் புது சிடியோடே வந்திருந்தது. எண்களையெல்லாம் அந்தத் தூரத்துக்குத் தள்ளிவிட நாலு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஜோடி இல்லாத எழுத்துகளைக் கையால் திருத்தினேன். அம்மா பேசிய தமிழ் மலையாள எழுத்தில் வந்து நின்றது. அழுதுவிட்டேன்.

ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்த பிறகு மாமா வார்டுக்கு வந்தார். அச்செடுத்த காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"இது மலையாளம்லா? எனக்கு என்ன தெரியும். நீயே வாசி மருமவனே."

தமிழில் இருந்திருந்தால் ரயிலில் தனியாக வாசித்திருப்பார். இப்போது அம்மாவின் எதிரில் நான் சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று. நலம் விசாரித்த வரிகளை வாசித்தேன். அடுத்த பகுதியை விழுங்கிவிட்டுக் கீழே தாவினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

"ஆத்தா செத்ததுக்குக் கார்டு போட்டியே அண்ணே, தந்தி அடிக்க உனக்கு மனசு வரல. என் வீட்டுல தமிழ் வாசிக்க ஆளில்லைன்னு உனக்குத் தெரியாதா? நாலு நாள் அந்தக் கார்டு அரிசி டப்பா மேல கிடந்துச்சு. ஆத்தா முகத்தை நான் பாக்கல. நான் சாகுறவரைக்கும் இது ஆறாது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

"அந்த இடத்தை இன்னொரு மட்டம் வாசி" என்றார். "இந்த ஏச்சுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் நான் வரல. இனி அவ வாயால கேக்க முடியாதுல்லா."

மறுபடி வாசித்தேன். அம்மா என் கையை விடாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அசைத்தாள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை; அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.